அப்பாவின் டிரங்குப் பெட்டி: நான்கு எண் பூட்டை வெட்டாமல் திறக்க யோசனை சொல்லுங்கள்

ஊசிநூல் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா டெய்லர். நாற்பது வருடம் ஒரே கடை, ஒரே மெஷின். போன ஆவணியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் தளர்ந்துபோயின, பேச்சும் போய்விட்டது. இப்போது மெல்ல நடக்கிறார், இடது கையால் சாப்பிடுகிறார். நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, அவருக்குத்தான் சொல் வரவில்லை. அதிலும் எண்கள் ரொம்பக் கஷ்டம். "ஏழு" என்று சொல்ல நினைப்பார், வாயில் "நாலு" என்று வரும், வந்தவுடன் தவறு என்று அவருக்கே தெரிந்து தலையை ஆட்டிக்கொள்வார்.

கடையை மூடியபோது தன் சாமான்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, பித்தளை நம்பர் பூட்டு ஒன்றால் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நான்கு சக்கரம், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் அந்தப் பெட்டியை இழுக்கச் சொல்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் சக்கரங்களைத் திருப்புகிறார், திறக்கவில்லை என்றதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி ஆக்ஸா பிளேடு கொண்டுவந்தான். அப்பா பூட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு விடவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதனால் வெட்டுவது என்ற பேச்சே இல்லை.

பிறந்த தேதிகள், கல்யாண வருடம், கடைக் கதவு எண், பழைய ஸ்கூட்டர் எண் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பூட்டில் இப்போது நிற்கும் எண்ணை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது, குழந்தைகள் ஏற்கெனவே உருட்டிவிட்டார்கள். யோசித்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?


குமரிக்காற்று | ஞாயிறு, இரவு 10.05

அக்கா, நான்கு சக்கரம் என்றால் மொத்தம் 10,000 எண்தான். ஒன்றுக்கு 2 நொடி வைத்தால் ஐந்தரை மணி நேரம். இரண்டு சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் முடிந்தது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். 0009 முடிந்ததும் 0010 என்று போனால் கடைசிச் சக்கரத்தையும் திருப்ப வேண்டும், பக்கத்துச் சக்கரத்தையும் திருப்ப வேண்டும். அதற்குப் பதில் 0009க்கு அடுத்து 0019, பிறகு 0018, 0017 என்று இறங்கி வாருங்கள், 0010 வந்ததும் 0020க்குப் போய் மறுபடி ஏறுங்கள். ஏர் உழுகிற மாடு திரும்பி வருகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சக்கரம், ஒரே ஒரு பல்தான் நகரும். விரல் வலி மிச்சம், எதையும் விட்டுவிடவும் மாட்டீர்கள்.


ஊசிநூல் | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, நான் செய்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அப்பாதான் திறக்க வேண்டும் என்கிறார். நான் பூட்டைத் தொட்டாலே கையைத் தட்டிவிடுகிறார். அவர் இடது கையால் ஒரு எண்ணை வைத்துக் கம்பியை இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகிறது. அந்தக் கணக்கில் 10,000 எண்ணுக்கு 166 மணி நேரத்துக்கு மேல். காலையில் இருபது நிமிடம் உட்காருவார், அதற்கு மேல் களைத்துவிடுவார்.

ராத்திரி அவர் தூங்கிய பிறகு நானே திறந்து பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. மனசு ஒப்பவில்லை. அவருக்குத் தெரிந்துவிடும்.


ராத்திரிராகம் | ஞாயிறு, இரவு 11.15

பூட்டியவர் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பதும் ஒரு வழி. 1940களில் லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலை நடந்தபோது இயற்பியலாளர் ஃபெயின்மன் அங்கே இருந்த அலமாரிப் பூட்டுகளைத் திறப்பதில் பேர் வாங்கியவர். ஒரு சக விஞ்ஞானியின் அலமாரியை 27-18-28 என்று வைத்துத் திறந்தார். கணிதத்தில் e என்ற மாறிலி 2.71828. இயற்பியல்காரர் எந்த எண்ணைப் பூட்டுக்கு வைப்பார் என்று யோசித்ததுதான் அவர் செய்தது. அங்கிருந்த ஒரு பூட்டுக்காரர் வேறு வழி வைத்திருந்தார், தொழிற்சாலையில் வைத்த எண்ணை யாரும் மாற்றாமலே விட்டிருப்பார்கள் என்று முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பாராம். அதனால் 0000ஐயும் ஒரு தடவை பாருங்கள்.

பொதுவாக மக்கள் எதை வைக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2012இல் நிக் பெர்ரி என்பவர் வெளியே கசிந்த 34 லட்சம் நான்கு இலக்கக் கடவு எண்களை அலசினார். அதில் 1234 மட்டுமே கிட்டத்தட்ட 11 சதவீதம், 1111 ஆறு சதவீதம். 19 என்று தொடங்கும் வருடங்கள் ஏராளம்.

டெய்லர் என்றால் இஞ்ச் அளவாக இருக்க வாய்ப்பு இருக்கிறதே, பார்த்தீர்களா?


ஊசிநூல் | திங்கள், காலை 6.30

0000, 1234, 1111 மூன்றும் பார்த்தாகிவிட்டது. அளவும் யோசித்தேன் அண்ணா. அப்பா சட்டை அளவு மார்பு 42, உயரம் 30. அதை 4230, 3042 இரண்டு விதமாகவும் வைத்தார். அம்மா ரவிக்கை அளவும் பார்த்தோம். இல்லை.


பகாஎண் | திங்கள், காலை 8.10

பள்ளியில் கணக்கு எடுப்பவன். இது எனக்குப் பிடித்த வகைச் சிக்கல், அதோடு உங்கள் அப்பாவுக்காகவும் யோசிக்கிறேன்.

அவரால் எண்ணைச் சொல்ல முடியாது, ஆனால் ஆமாம், இல்லை என்று காட்ட முடியும் என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதைச் சரிபாதியாக வெட்டினால், 10,000 எண்ணில் ஒன்றைக் கண்டுபிடிக்க 14 கேள்வி போதும். பதின்மூன்று கேள்வி 8,192 வரைதான் தாங்கும், பதினான்கு 16,384 வரை தாங்கும்.

ஆனால் பதில்களில் ஒன்று தவறாக இருந்தால்? லாஸ் அலமோஸில் ஃபெயின்மனோடு இருந்த உலாம் என்ற கணித மேதை இதைத்தான் கேட்டார்: ஒருவர் பத்து லட்சத்துக்குள் ஓர் எண்ணை நினைக்கிறார், ஆமாம் இல்லை என்று பதில் சொல்கிறார், ஒரு தடவை பொய் சொல்லலாம், எத்தனை கேள்வி வேண்டும்? பொய்யே இல்லையென்றால் 20. ஒரு பொய்க்கு இடம் கொடுத்தால் 25. நம்முடைய 10,000க்கு அதே கணக்கில் குறைந்தது 18 கேள்வி. ஒரே ஒரு தவறைச் சமாளிக்க நான்கு கேள்விதான் கூடுகிறது. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு அவரைக் களைக்க வைக்காமல், நாளுக்கு நான்கைந்து கேள்வி, ஒவ்வொன்றையும் வேறு நாளில் இன்னொரு தடவை.

கேட்க வேண்டியவை, என் பார்வையில்: பூஜ்ஜியம் இருக்கிறதா, ஒரே இலக்கம் இரண்டு தடவை வருகிறதா, கடைசி இலக்கம் ஒற்றைப்படையா. முதல் இரண்டுக்கும் இல்லை என்றால் 10,000 ஒரே அடியில் 3,024 ஆகிறது. கடைசி ஒற்றைப்படை என்றால் 1,680.


மெல்லப்பேசு | திங்கள், மதியம் 1.20

நான் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள், பக்கவாதம் வந்தவர்களோடுதான் தினமும் வேலை. பகாஎண் சார் சொல்வதில் இருந்து இரண்டு அடி பின்னால் போக வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அஃபேசியா மாதிரித் தெரிகிறது. வலது பக்கம் தளர்ந்திருப்பதால் மூளையின் இடது பக்கம் அடிபட்டிருக்கும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு அங்கேதான். இவர்களுக்கு நினைவு போகவில்லை. எண் உள்ளே இருக்கலாம், அதை எடுத்துச் சொல்லும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. "அப்பாவுக்கு மறந்துவிட்டது" என்று அவர் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, ஆமாம் இல்லை என்பதே இவர்களுக்குக் குழம்பும். "ஆமாம்" என்று நினைத்துத் தலையை இடவலமாக ஆட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்த் தலையாட்டல் வேறு எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாது. அதனால் இரண்டு அட்டை எழுதுங்கள், ஒன்றில் சரி அடையாளம், ஒன்றில் பெருக்கல் அடையாளம். தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எதிர்மறையாகக் கேட்கவே கேட்காதீர்கள். "பூஜ்ஜியம் இல்லைதானே?" என்று கேட்டால் தமிழில் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே அர்த்தம் வரும். "பூஜ்ஜியம் இருக்கிறதா?" என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பத்து நொடி, இருபது நொடி ஆகட்டும். நடுவில் நீங்கள் பேசினால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவது, சொல்ல முடியாத எண்ணைப் பலரால் தொட்டுக் காட்ட முடியும். 0 முதல் 9 வரை பெரிய அட்டைகள் எழுதிப் பரப்பி, "பூட்டில் இருக்கும் எண்களை எடுங்கள்" என்று விட்டுப்பாருங்கள். வரிசையைப் பற்றிக் கேட்காதீர்கள். எடுத்ததைக் குறித்துக்கொண்டு மூன்று நாள் திரும்பச் செய்யுங்கள். காலையில், சாப்பிட்ட பிறகு, டிவி இல்லாமல்.


ஊசிநூல் | திங்கள், இரவு 9.00

நீங்கள் எழுதியதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "மறந்துவிட்டது" என்று நாங்கள் எல்லோருமே அவர் முன்னால் சொல்லியிருக்கிறோம். இனி சொல்ல மாட்டோம். நாளையிலிருந்து அட்டைகள்.


ஊசிநூல் | வியாழன், இரவு 8.30

மூன்று நாள் முடிந்தது.

பூஜ்ஜியம் இருக்கிறதா: மூன்று நாளும் பெருக்கல் அட்டை, யோசிக்காமல். ஒரே எண் இரண்டு தடவை வருகிறதா: அதுவும் மூன்று நாளும் இல்லை. இதைப் புரியவைக்க 55 என்று எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கடைசி எண் ஒற்றைப்படையா என்பதற்கு 1, 3, 5, 7, 9 ஒரு தாளில், மற்றவை ஒரு தாளில் எழுதிக் கேட்டேன், மூன்று நாளும் ஒற்றைப்படைத் தாளைத் தொட்டார்.

அட்டைகளில்தான் குழப்பம். செவ்வாய்க்கிழமை 2, 3, 9, 8 எடுத்தார். புதன் 2, 3, 6, அதற்குப் பிறகு நான்காவதாக 5ஐ எடுத்து வைத்துவிட்டுத் திரும்பத் தள்ளிவிட்டார். இன்று 3, 2, 9, நான்காவதைத் தேடிக்கொண்டே இருந்தார், கோபம் வந்தது, நிறுத்திவிட்டேன்.


குமரிக்காற்று | வியாழன், இரவு 8.50

அக்கா, ஒரு நாள் 9, ஒரு நாள் 6. நீங்கள் அவருக்கு எதிரில் உட்கார்ந்தீர்களா, பக்கத்திலா?


ஊசிநூல் | வியாழன், இரவு 9.05

எதிரில். அட்டைகள் என் பக்கம் பார்த்து இருந்தன. அப்பாவுக்கு 6, 9 தலைகீழ்! புதன்கிழமை மட்டும் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.


மெல்லப்பேசு | வியாழன், இரவு 9.30

அருமையாகக் கவனித்தீர்கள் தம்பி. 6க்கும் 9க்கும் அடியில் கோடு போடுங்கள், அவர் பக்கத்தில் உட்காருங்கள். நான்காவது எண்ணுக்காக அழுத்த வேண்டாம். மூன்று உறுதியானால் போதும், நான்காவதைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.


ஊசிநூல் | வெள்ளி, காலை 9.15

பக்கத்தில் உட்கார்ந்து செய்தோம். 2, 3, 6. இரண்டு தடவையும் அதே மூன்று. நான்காவதற்கு இன்று கையே போகவில்லை.


பகாஎண் | வெள்ளி, காலை 10.00

இது பெரிய முன்னேற்றம். கணக்கைப் போடுகிறேன், யாராவது சரிபாருங்கள்.

2, 3, 6 மூன்றும் உண்டு. நான்காவது x. பூஜ்ஜியம் இல்லை, திரும்ப வராது, ஆகவே x என்பது 1, 4, 5, 7, 8, 9 ஆறில் ஒன்று. நான்கு வேறு வேறு இலக்கத்தை 24 விதமாக அடுக்கலாம், 6 முறை 24, மொத்தம் 144. இதில் கடைசி ஒற்றைப்படை என்ற நிபந்தனை. x ஒற்றைப்படை என்றால் (1, 5, 7, 9) கடைசியில் 3 வரலாம் அல்லது x வரலாம், தலா 6 அடுக்கு, ஆக 12, நான்குக்கும் சேர்த்து 48. x இரட்டைப்படை என்றால் (4, 8) கடைசியில் 3 மட்டுமே, தலா 6, ஆக 12. கூட்டினால் 60.

பத்தாயிரத்திலிருந்து அறுபது. நாளுக்கு இருபது என்றால் மூன்று காலை. பட்டியலை அனுப்புகிறேன், பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.


ராத்திரிராகம் | வெள்ளி, காலை 11.40

கணக்கு சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், எண் பொத்தான் வைத்த கதவுகளுக்கு டி ப்ரைன் தொடர் என்று ஒன்று உண்டு, 10,003 தடவை அழுத்தினால் எல்லா நான்கு இலக்க எண்ணும் உள்ளே அடங்கிவிடும், தனித்தனியாக அழுத்தினால் 40,000. சக்கரப் பூட்டுக்கு அது உதவாது. யாராவது படித்துவிட்டு அக்காவுக்குச் சொல்லப்போகிறார்களே என்று முன்னாலேயே சொல்கிறேன். யாப்பில் யமாதாராஜபானஸலகம் என்று மனப்பாடம் செய்வார்களே, லகு குரு (குறுகிய அசை, நீண்ட அசை) மும்மூன்றாக எட்டு வகையும் அந்தப் பத்து அசைக்குள் ஒரு தடவை வந்துவிடும், அதுவும் இதே தத்துவம்தான். சமஸ்கிருதச் சந்தத்துக்கு உரியது என்றாலும் சிறுவயதில் தாத்தா சொல்லிக்கொடுத்தது, இங்கே சொல்ல ஆசையாக இருந்தது.


ஊசிநூல் | திங்கள், காலை 10.10

அறுபதும் முடிந்தது. திறக்கவில்லை.

அப்பா ஒவ்வொன்றாகப் பொறுமையாக வைத்தார். நான் தாளில் எழுதியதைப் பார்த்து வைப்பார், கம்பியை இழுப்பார், தலையை ஆட்டுவார், அடுத்தது. கடைசி எண்ணும் முடிந்ததும் பூட்டைக் கையிலிருந்து விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். என்ன செய்வது என்று தெரியவில்லை.


மலைக்கோட்டைநிழல் | திங்கள், காலை 11.00

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன் தங்கச்சி. திண்டுக்கல்காரன், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூட்டு வேலை. 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தப் பூட்டு. எங்கள் ஊர்ப் பூட்டெல்லாம் சாவிப் பூட்டு, மாங்காய்ப் பூட்டு மாதிரி. நம்பர் பூட்டு எங்கள் தயாரிப்பு இல்லை, ஆனால் ரிப்பேருக்கு எங்களிடம் வரும்.

எண் தவறா, பூட்டு இறுகிவிட்டதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வெட்டு இருக்கும், நான்கு வெட்டும் ஒரே கோட்டில் நின்றால்தான் கம்பியோடு இருக்கும் பற்கள் வழுக்கி வெளியே வரும். அப்பா திருப்பும்போதே கம்பியை இழுத்துப் பிடித்திருந்தால் சக்கரம் பாதி எண்ணில் நின்றுவிடும். சரியான எண்ணை வைத்தாலும் திறக்காது. முதலில் சக்கரம், ஒவ்வொன்றும் கோட்டுக்கு நேராக டக்கென்று உட்கார வேண்டும், அப்புறம் இழுப்பு, அதுவும் லேசாக.

எண்ணெய் போட்டீர்களா? தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், போட்ட அன்றைக்கு நன்றாக இருக்கும், நாளாக ஆக உள்ளே பிசினாகிவிடும். உங்கள் வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருக்குமே, அது மெல்லிசு. சக்கரங்களுக்கு நடுவில் ஒவ்வொரு சொட்டு, கம்பி நுழையும் ஓட்டையில் ஒரு சொட்டு, ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள்.


ஊசிநூல் | திங்கள், மதியம் 12.15

அண்ணா, மெஷின் எண்ணெய்தான் போட்டோம், முதல் நாளே அப்பாவே கையைக் காட்டி எடுக்கச் சொன்னார். சக்கரம் எல்லாம் நன்றாக உட்காருகிறது. திருப்பும்போது கம்பியை இழுக்கவில்லை, பூட்டைப் பெட்டியில் தொங்கவிட்டபடியேதான் திருப்புகிறார், பிறகுதான் இழுக்கிறார்.


பகாஎண் | திங்கள், மதியம் 1.00

அப்படியென்றால் நமக்குக் கிடைத்த தகவலில் ஒன்று தவறு. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அறுபது எண் இல்லை என்பது இப்போது உறுதியாகத் தெரியும். எதைச் சந்தேகிப்பது என்பதையும் கணக்காகவே பார்ப்போம். ஒவ்வொரு தகவலையும் கைவிட்டால் எத்தனை எண் கூடுகிறது?

பூஜ்ஜியம் இல்லை என்பதைக் கைவிட்டால், கடைசி இலக்கம் எதுவானாலும் சேர்த்து, 24 எண். இலக்கம் திரும்ப வராது என்பதைக் கைவிட்டால், 2, 3, 6இல் ஒன்று இரட்டிக்க வேண்டும், அதிலும் கடைசி எதுவானாலும் சேர்த்து 36 எண். (மூன்று இலக்கம் தெரிந்து ஒன்று இரட்டிப்பது, நான்கு இலக்கமும் தெரிந்த 24ஐ விட அதிகம் என்பது என் மாணவர்கள் நம்ப மறுக்கும் விஷயம்.) கடைசி ஒற்றைப்படை என்பதைக் கைவிட்டால் 144இல் பார்த்த 60 போக 84. மூன்றையும் சந்தேகித்தாலும் 2, 3, 6 உள்ள எண்கள் மொத்தமே 204தான், பார்த்தது போக மீதி 144. ஒரு வாரம். மலிவானதிலிருந்து தொடங்குவோம், பூஜ்ஜியம் உள்ள 24.


குமரிக்காற்று | திங்கள், மதியம் 1.30

சார், எண்ணிக்கை குறைவு என்பதற்காக அதை முதலில் பார்ப்பது சரியா? பூஜ்ஜியம் இல்லை என்று அவர் யோசிக்காமல் தொட்டிருக்கிறார், மூன்று நாளும். அதைச் சந்தேகித்தால் அவரையே நம்பவில்லை என்று ஆகும். எது மலிவு என்பதை விட எந்தக் கேள்வி தவறாகப் புரிந்திருக்கலாம் என்று பார்க்க வேண்டாமா?


பகாஎண் | திங்கள், மதியம் 1.45

நியாயம். நான் எல்லாத் தகவலையும் ஒரே தராசில் வைத்துவிட்டேன்.


மெல்லப்பேசு | திங்கள், மாலை 6.50

இப்போதுதான் வேலை முடிந்து பார்க்கிறேன். தம்பி சொன்னதுதான் சரியான வழி. மூன்று நாளும் ஒரே பதில் வந்திருந்தால் அவர் பதில் உறுதி, கேள்விதான் உறுதியில்லை. பூஜ்ஜியம் என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை, பொருள் ஒன்றுதான். இரண்டு தடவை வருகிறதா என்பதற்கு 55 எழுதிக் காட்டினீர்கள், அதுவும் தெளிவு. "கடைசி" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எதைத் தொட்டுக் காட்டிக் கேட்டீர்கள்?


ஊசிநூல் | திங்கள், இரவு 7.20

எதையும் தொடவில்லை. "கடைசி எண்" என்றுதான் கேட்டேன். பூட்டு அப்போது பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.


மலைக்கோட்டைநிழல் | திங்கள், இரவு 7.30

தங்கச்சி, அப்பா எந்தச் சக்கரத்தில் தொடங்கி எந்தச் சக்கரத்தில் முடிப்பார்? நினைவு இருக்கிறதா? ரிப்பேருக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், எண்ணை இடமிருந்து வலமாகப் படிப்பார்கள், கை தன் வசதிக்கு எங்கேயோ தொடங்கும். ஒருவர் கடைசியாகத் தொடும் சக்கரம்தான் அவருக்குக் கடைசி.


ஊசிநூல் | திங்கள், இரவு 7.45

வலது ஓரத்திலிருந்து. கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரம்தான் முதலில், அங்கிருந்து இடது பக்கமாக வருவார். அறுபது தடவையும் அப்படித்தான் வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன், நன்றாக இருந்த காலத்திலும் அப்படித்தானாம்.

அப்படியென்றால் அவர் "கடைசி" என்றது இடது ஓரத்தில் இருக்கும் முதல் எண்ணா?


பகாஎண் | திங்கள், இரவு 8.00

ஆமாம்! முதல் இலக்கம் ஒற்றைப்படை. கணக்கு கண்ணாடியில் பார்த்த மாதிரி அதேதான், மறுபடி 60. ஆனால் முதலும் கடைசியும் இரண்டுமே ஒற்றைப்படையாக உள்ளவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். x என்பது 1, 5, 7, 9 என்றால் 3உம் xஉம் இரண்டு ஓரத்திலும் நிற்பவை, ஒவ்வொன்றுக்கும் 4, ஆக 16. மீதி 44.

அந்த 44இலும் வரிசை உண்டு. செவ்வாய்க்கிழமை அவர் தானாக எடுத்த நான்காவது 8. புதன் எடுத்த 5ஐ அவரே தள்ளிவிட்டார். அதனால் 8ஐ முதலில் பாருங்கள். 8 இரட்டைப்படை, ஆகவே முதலில் 3 மட்டுமே நிற்க முடியும். ஆறே ஆறு எண்:

3268, 3286, 3628, 3682, 3826, 3862.


மெல்லப்பேசு | திங்கள், இரவு 8.10

நாளைக் காலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபாருங்கள். இடது ஓரச் சக்கரத்தை உங்கள் விரலால் தொட்டு, ஒற்றைப்படைத் தாளையும் இரட்டைப்படைத் தாளையும் காட்டுங்கள். இந்தத் தடவை "கடைசி", "முதல்" என்ற சொல்லே வேண்டாம். அவர் படுத்துவிட்டார் என்று எழுதினீர்கள், கேள்வி நீங்கள் தவறாகக் கேட்டுவிட்டதாக அவரிடம் சொல்லுங்கள். அது அவருக்கு முக்கியம்.


ஊசிநூல் | செவ்வாய், காலை 8.25

திறந்துவிட்டது.

நேற்று ராத்திரியே போய் உட்கார்ந்து, "நான்தான் அப்பா தப்பாகக் கேட்டேன், உங்கள் பதில் சரி" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் இடது ஓரச் சக்கரத்தைத் தொட்டுக் கேட்டேன், ஒற்றைப்படைத் தாள். உடனே.

3268 வைத்தார், இல்லை. 3286, இல்லை. 3628 என்று எழுதிக் காட்டினேன். அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலது ஓரத்திலிருந்து 8, 2, 6, 3 என்று வைத்தார். நான் தாளைக் கீழே வைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை, கை தானாகப் போனது. இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கம்பி தானாக மேலே வந்தது.

சமையலறையிலிருந்து அம்மா வந்தார். நான் எண்ணைச் சொன்னேன், "முப்பத்தாறு இருபத்தெட்டு" என்று இரண்டு இரண்டாகத்தான் வாயில் வந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டார். அப்பா தன் கல்யாணத்துக்குத் தானே தைத்துக்கொண்ட சட்டை, மார்பு 36, உயரம் 28. அப்போது அவ்வளவு ஒல்லியாம். அம்மாவுக்கு அந்த அளவு ஞாபகம் இருக்கக் காரணம், கல்யாணமான புதிதில் அதே அளவுக்கு இன்னொரு சட்டை வெட்டச் சொல்லி அம்மாவுக்குத்தான் முதல் முதலாக வெட்டக் கற்றுக்கொடுத்தாராம். நாங்கள் இன்றைய அளவைத்தான் பார்த்தோம், 42, 30. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அம்மாவோ, அது பூட்டின் எண்ணாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை என்கிறார்.


ராத்திரிராகம் | செவ்வாய், காலை 8.50

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. எந்த அளவு, யாருடையது என்று நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.


மலைக்கோட்டைநிழல் | செவ்வாய், காலை 9.10

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. பூட்டைத் திறந்தபடியே வைத்து இன்னொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அந்த எண்ணை மாற்ற வேண்டாம். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்கலாமா?


ஊசிநூல் | செவ்வாய், இரவு 9.00

பெரிய கத்தரிக்கோல், துணியில் சுற்றியது. இஞ்ச் டேப் இரண்டு, ஒரு டப்பா சாக்பீஸ் துண்டு, காஜா எடுக்கும் ஊசிகள். அதற்கு அடியில் அளவு நோட்டுகள், பதினேழு. ஊரில் பாதிப் பேருடைய மார்பும் தோளும் அதில் இருக்கிறது.

அவருக்கு வேண்டியிருந்தது நோட்டுதான். இன்று முழுவதும் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். மதியம் என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார், என் ஆறாம் வகுப்புப் பாவாடை சட்டை. விரலை அளவின் மேல் வைத்து "இருபத்தி" என்றார். பிறகு நெடுநேரம் முயன்று "ரெண்டு" என்றார். நோட்டிலும் 22 என்றுதான் இருக்கிறது.

மெல்லப்பேசு அக்கா, இந்த நோட்டுகளை வைத்தே தினமும் பயிற்சி கொடுக்கலாமா?


மெல்லப்பேசு | செவ்வாய், இரவு 9.20

தாராளமாக. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஐந்து அளவு போதும். அவர் விரலை வைக்கட்டும், நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். இருபது நொடி காத்திருங்கள்.